பீஸ் என்றால் அமைதியும்தான்

ஊராருக்கு ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்துப் பிழைப்பவருக்கு ஒரு சங்கடம் உண்டு: எழுதச் சொன்னவருக்கு எழுதியது புரியாது, படிக்கப் போகிறவருக்கு எழுதச் சொன்னவரைத் தெரியாது, இரண்டு பேருக்கும் கோபம் வந்தால் திட்டுவதற்கு நடுவில் நாம்தான் கிடைப்போம்.

திண்டுக்கல்லில் தாலுகா ஆபீசுக்குப் போகிற வழியில், ஒரு மாடிப்படிக்குக் கீழே என் கடை இருக்கிறது. டைப்பிங், மொழிபெயர்ப்பு, விசா விண்ணப்பம், ஃப்ளெக்ஸ் டிசைன் எல்லாம் உண்டு. ஆங்கிலத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு இரண்டு வருடம் ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்த்தேன். அதை விட்டு எத்தனையோ வருடம் ஆகியும் எல்லோருக்கும் நான் டீச்சர்தான். ஆங்கிலத்தில் வந்த ஒரு கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்றுகூடத் தெரியாமல் நீங்கள் என்றைக்காவது விழித்திருந்தால், நீங்களும் நம்ம கூட்டம்தான். அந்த மாதிரிக் கடிதங்களை மற்றவர்களுக்கு வாசித்துச் சொல்லும் வேலையில் இருந்தால் இன்னும் நெருங்கிய சொந்தம்.

அகராதியில் ஒரு குடும்பம்

ஒரு மழை நாள் மத்தியானம். கடைக்கு ஆளே வரவில்லை. ஒரு சொல்லுக்கு எழுத்துக்கூட்டு சரிதானா என்று பார்க்கப் பெரிய அகராதியைத் திறந்தவள், சொற்கள் எங்கிருந்து பிறந்தன என்று சொல்லும் பகுதிக்குள் போய் மாட்டிக்கொண்டேன். லத்தீன் மொழியில் அமைதிக்குப் ‘பாக்ஸ்’ என்று பெயராம். பீஸ் என்ற சொல் அதிலிருந்து வந்தது. பசிபிக் என்பதும் அதே வீட்டுப் பிள்ளை. ஒருவரைத் தாஜா செய்வதற்குச் சொல்லும் அப்பீஸ், அழுகிறவரை அடக்குகிற பாசிஃபை, எல்லாமே அண்ணன் தம்பிகள். ஒப்பந்தம் என்று பொருள்படும் பாக்ட் கொஞ்சம் தூரத்துச் சொந்தம்.

ஆச்சரியம் என்னவென்றால், பணம், சம்பளம் கொடுப்பதற்குத் தினமும் நாம் சொல்கிற ‘பே’ கூட அந்தக் குடும்பம்தான். கொடுத்த கடனைக் கேட்டு வாசலில் வந்து நிற்பவரைச் சமாதானப்படுத்தி அனுப்புவதற்குத்தான் முதலில் அந்தச் சொல் இருந்ததாம். கடையில் டிசைன் வேலை பார்க்கும் மாரியப்பனிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். மாரியப்பனுக்கு முப்பத்தைந்து வயது, என்னை அக்கா என்பான், பேச்சு ரொம்பக் கம்மி. கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான்:

“அப்போ தேதி பத்தாகியும் என்னைய ஏன்க்கா இன்னும் சமாதானப்படுத்தல?”

ஆண்டு அனுபவித்து

குஜிலியம்பாறைப் பக்கத்திலிருந்து கருப்பணன் என்று ஒரு விவசாயி வந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். மழையை நம்பி நிலக்கடலை போடுகிற இரண்டு ஏக்கர் நிலம். பக்கத்து நிலம் அவருடைய தம்பியுடையது. நடுவில் இருக்கும் வரப்புதான் பிரச்சினை. வழக்கு மேல்கோர்ட்டுக்குப் போயிருந்தது. அவருடைய வக்கீல் தமிழில் தயார் செய்திருந்த பிரமாணப் பத்திரத்தை ஆங்கிலத்தில் மாற்றித் தரச் சொல்லி என்னிடம் அனுப்பியிருந்தார். நான் அடித்து முடித்து, வழக்கம்போல ஒவ்வொரு வரியையும் படித்து அர்த்தம் சொல்லிக்கொண்டே வந்தேன். நிலப் பத்திரங்களில் தவறாமல் வரும் ஒரு வரி உண்டு. ‘பீஸ்ஃபுல் பொசெஷன் அண்ட் எஞ்சாய்மெண்ட்’ என்று. “இந்த நிலத்தை நீங்க அமைதியா வெச்சு ஆண்டு அனுபவிச்சுட்டு வர்றீங்கன்னு அர்த்தம்” என்றேன்.

கருப்பணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அமைதியாவா? அந்த வார்த்தைய மட்டும் எடுத்துருங்க தாயி” என்றார். “அஞ்சு வருசமா ஒருநா கூட நான் அந்த வரப்புல நிம்மதியா நிக்கல. நான் இந்தப் பக்கம் நின்னா அவன் அந்தப் பக்கம் நிப்பான். ஆட்ட வெரட்டுனா சண்டை, கல்லப் பொறக்கிப் போட்டா சண்டை. கூடப் பொறந்தவன்கிட்ட முகங்குடுத்துப் பேசி அஞ்சு வருசமாச்சு. இதுல என்னத்த அனுபவிச்சேன்?”

வக்கீலுக்கு போன் போட்டேன். அது சட்டத்தில் உள்ள வாசகம், அதை எடுத்தால் வழக்கே நிற்காது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நான் அதைச் சொன்னதும் கருப்பணன் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்லி வெல்வதா, உண்மையைச் சொல்லித் தோற்பதா என்று அவர் மனசுக்குள் ஒரு வழக்கு ஓடியது எனக்கே தெரிந்தது. கடைசியில் பேனாவை வாங்கிக்கொண்டு சொன்னார்:

“சரி, இருக்கட்டும். ஆனா கீழ சத்தியமாச் சொல்றேன்னு ஒரு வரி வருதுல்ல, அத மட்டும் கொஞ்சம் சின்ன எழுத்தாப் போட்டு விடுங்க தாயி.”

நாலு பீஸ்

எங்கள் ஊரில் பீஸ் என்றால் மழை பெய்தவுடன் போவது, பள்ளிக்கூடத்தில் கட்டுவது, பிரியாணிக்குள் தேடுவது. அமைதி என்ற அர்த்தத்துக்கு நாலாவது இடம்தான்.

பேகம்பூரில் பிரியாணிக் கடை வைத்திருக்கும் ரபீக் பாய் ஒருநாள் ஒரு கட்டு மெனு கார்டுடன் வந்தார். வேறு எங்கேயோ அச்சடித்தது. மட்டன் பிரியாணிக்கு நேராக ‘நாலு பீஸ்’ என்று ஆங்கிலத்தில் இருந்தது. துண்டு என்று வரவேண்டிய இடத்தில் அமைதிக்கு உரிய எழுத்துகளைப் போட்டுவிட்டார்கள். முதல் நாள் சாப்பிட வந்த காலேஜ் பையன்கள் அதைப் பார்த்துவிட்டு, “அண்ணே, ஆளுக்கு நாலு அமைதி கொண்டாங்க” என்று சப்ளையரிடம் கேட்டிருக்கிறார்கள். அவர் அங்கே ரொம்ப நாளாக வேலை பார்ப்பவர், மரியாதை தெரிந்தவர். சத்தம் தொந்தரவாக இருக்கிறது போலும் என்று நினைத்து ஓடிப்போய் டிவியை நிறுத்திவிட்டார். கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த மற்ற மேஜைக்காரர்கள் எல்லோரும் சண்டைக்கு எழுந்துவிட்டார்களாம்.

இரண்டு பீசுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினேன். தப்பான இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டித் தருகிறேன் என்றும் சொன்னேன். பாய் இரண்டு சொல்லையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். தாடியைத் தடவினார். பிறகு கட்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

“வேணாம் டீச்சரம்மா, அப்படியே இருக்கட்டும். கடையில அந்த பீஸ் கொறஞ்சா இந்த பீஸும் போயிருது, முப்பது வருசமா பாத்துட்டுத்தானே இருக்கேன்.”

அமைதிக் கடல்

கன்னிவாடியிலிருந்து பாண்டியம்மாள் ஒரு கடிதத்தோடு வந்தார். அவருடைய மகனுக்குச் சரக்குக் கப்பலில் வேலை கிடைத்திருந்தது. மகன் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான். ஆனால் அம்மாவுக்கு நம்பிக்கை இல்லை. தான் பயப்படுவோம் என்று எதையோ மறைக்கிறான் என்று சந்தேகம். அவன் குளிக்கப் போன நேரம் பார்த்துக் கடிதத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். மலையடிவாரத்திலேயே பிறந்து வளர்ந்தவர். கண்மாயைத் தவிர வேறு பெரிய தண்ணீரைப் பார்த்ததில்லை. “எந்தக் கடல்னு மட்டும் சொல்லுங்க” என்றார். பசிபிக் என்று போட்டிருந்தது.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அகராதியில் படித்ததைச் சொல்ல இதைவிட நல்ல சமயம் கிடைக்குமா? “பயப்படாதீங்கம்மா, பசிபிக்னாலே அமைதியானதுன்னுதான் அர்த்தம். முதல்ல அதுல கப்பல் ஓட்டிப் போனவர், இம்புட்டு அமைதியா இருக்கேன்னு பார்த்துட்டு அந்தப் பேரை வெச்சாராம்” என்றேன். பாண்டியம்மாள் முகம் அப்படியே தெளிந்துவிட்டது. கடிதத்தை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார். போகும்போது என் கன்னத்தைத் தொட்டு முத்தம் வைத்துவிட்டுப் போனார். அன்றைக்கு முழுக்க எனக்கு என் படிப்பின்மேல் தனி மரியாதை.

மூன்று மாதம் கழித்து அதே பஸ்ஸில் மறுபடியும் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“நீங்க சொன்ன அமைதியான கடல்ல எம்புள்ள நாலு நாளா எந்திரிக்க முடியாம வாந்தி எடுத்திருக்கான் டீச்சர். அந்தப் பேரு வெச்ச ஆளு எந்த மாசத்துல போனாருன்னு கேட்டுச் சொல்லுங்க, அவன அந்த மாசத்துல மட்டும் போகச் சொல்றேன்.”

பணி நிறைவு விழா

இது என் கடையிலேயே நடந்த தப்பு. ஒரு அரசு அலுவலகத்தில் முப்பத்தாறு வருடம் எழுத்தராக இருந்த ஜெயராமன் சார் ஓய்வு பெறுகிறார். உடன் வேலை பார்த்தவர்கள் பேனர் வேண்டும் என்று வந்தார்கள். நான் மதுரைக்குப் போயிருந்தேன். ‘இனி நீங்கள் அமைதியாக ஓய்வெடுக்க வாழ்த்துகிறோம்’ என்பதை ஆங்கிலத்தில் பெரிதாகப் போட வேண்டும் என்று அவர்கள் கேட்க, மாரியப்பன் ஓய்வுக்கு ரெஸ்ட், அமைதிக்கு பீஸ் என்று நியாயமாக யோசித்து, ‘ரெஸ்ட் இன் பீஸ்’ என்று போட்டு, நடுவில் சாரின் சிரித்த முகத்தை வைத்து, சுற்றிலும் மாலை டிசைனும் கொடுத்துவிட்டான். பார்க்க நன்றாகத்தான் இருந்திருக்கிறது. அது இறந்தவர்களுக்கு எழுதுகிற வாசகம் என்று எடுத்துப் போனவர்களுக்கும் தோன்றவில்லை.

நான் திரும்பி வரும்போது பேனர் அலுவலக வாசலில் ஏறிவிட்டது. தெருவில் போகிற இரண்டு பேர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று கும்பிட்டுப் போனதாகக் கேள்வி. நானும் மாரியப்பனும் ஓடினோம். அங்கே ஜெயராமன் சார் நாற்காலி போட்டு, பேனருக்கு நேர் எதிரே உட்கார்ந்து தன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மாரியப்பன் ஏணியில் ஏறிக் கயிற்றை அவிழ்த்தான். சார் எங்கள் மேல் கோபப்படவே இல்லை. தன் முப்பத்தாறு வருட அனுபவத்திலிருந்து ஒரு யோசனைதான் சொன்னார்:

“சீக்கிரம் எறக்குப்பா, பென்ஷன் ஃபைல் இன்னும் பெரிய ஆபீசுக்குப் போகல. அங்க இருந்து யாராச்சும் பாத்துட்டாங்கன்னா, நான் நேர்ல போய் நின்னாலும் நம்ப மாட்டாங்க.”

இரண்டு சமாதானம் செய்பவர்கள்

ஆமினாம்மாவின் மகள் கல்யாணமாகிக் கனடாவில் இருக்கிறாள். பிரசவத்துக்கு அம்மாவை வரச் சொல்லியிருந்தார்கள். விசா வேலையை நான்தான் பார்த்துக் கொடுத்திருந்தேன். விசா வந்து, டிக்கெட்டும் போட்ட பிறகு ஒருநாள் தன் அண்ணன் சிக்கந்தர் பாயைக் கூட்டிக்கொண்டு வந்தார். தோல் வியாபாரம் செய்கிறவர், பஞ்சாயத்துப் பேசுவதில் பெயரெடுத்தவர். ஆமினாம்மாவின் கண்கள் வீங்கியிருந்தன. “டீச்சர், அண்ணனுக்கும் அவசரமா விசா போடணும். இன்னொருத்தருக்கும் போடணும், அது யாருன்னு ஜமாத்துல கேட்டுட்டு இருக்கோம்” என்றார்.

என்ன விஷயம் என்று கேட்டேன். போனை நீட்டினார். மருமகன் சென்னையில் வளர்ந்தவர், எல்லாம் ஆங்கிலத்தில்தான் அனுப்புவார். வரும்போது கொண்டுவர வேண்டிய சாமான்களின் பட்டியல் அது. ஆமினாம்மா அதைப் போனில் இருக்கும் மொழிபெயர்ப்பில் போட்டிருக்கிறார். பருத்தித் துணி, பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் காயப்பொடி, நெய் எல்லாம் சரியாக வந்திருக்கிறது. கடைசி வரி மட்டும் ‘இரண்டு சமாதானம் செய்பவர்கள், தயவுசெய்து மறந்துவிடாதீர்கள்’ என்று வந்திருந்தது. மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் ஏதோ பெரிய சண்டை, வெளியில் சொல்ல முடியாமல் இப்படி எழுதியிருக்கிறார்கள் என்று முடிவு செய்துவிட்டார். மகளுக்கு போன் போட்டு, “நல்லாருக்கியாம்மா?” என்று கேட்டிருக்கிறார். நிறைமாதப் பெண் களைப்பாக, “இருக்கேன்மா” என்றாளாம். அந்த ஒரு வார்த்தையிலேயே எல்லாம் உறுதியாகிவிட்டது. இரண்டு நாளாக வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. சிக்கந்தர் பாய் புது சூட்கேஸ் வாங்கிவிட்டார். அங்கே போய் மாப்பிள்ளையிடம் எதில் ஆரம்பிப்பது என்றுகூட யோசித்து வைத்திருந்தார்.

நான் மூல வரியைப் பார்த்தேன். ‘டூ பாசிஃபையர்ஸ்’ என்று இருந்தது. எழுந்து எதிரே இருக்கும் மருந்துக் கடைக்குப் போய், குழந்தை அழாமல் இருக்க வாயில் வைக்கிற ரப்பர் சூப்பானை ஒன்று வாங்கி வந்து மேஜைமேல் வைத்தேன். “சமாதானம் செய்றவர் இவர்தான். இவருக்கு விசா வேண்டாம்” என்றேன். சிக்கந்தர் பாய் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன்னை இவ்வளவு சின்னப் பொருளோடு யாரும் ஒப்பிட்டதில்லை என்பது போல இருந்தது அவர் முகம். ஆமினாம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரிப்பும் அழுகையுமாக அண்ணனைப் பார்த்தார்.

“ரெண்டு நாளா அழுது தீத்தாச்சு. அவங்களுக்கு அப்புறம் வாங்கிக்கலாம்ணே, மொதல்ல எனக்கு ஒண்ணு வாங்குங்க.”

இப்போதே சொல்லட்டும்

ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து சுப்பிரமணி என்பவர் வந்தார். தக்காளியும் முருங்கையும் போட்டு மார்க்கெட்டுக்கு அனுப்புகிற விவசாயி. வெள்ளை வேட்டி, பையில் ஒரு சிறிய புத்தகம். அவருடைய ஒரே மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். கூட வேலை பார்க்கும் கிறிஸ்தவப் பையனைக் கல்யாணம் செய்யப் போகிறேன் என்று சொன்னாள். அன்றிலிருந்து அப்பாவும் மகளும் பேசிக்கொள்ளவில்லை. ஒரு வருடம் ஆகிவிட்டது. இப்போது அங்கே சர்ச்சில் கல்யாணம். அழைப்பிதழோடு அன்றைக்குச் சொல்லப்போகிற வாசகங்கள் அடங்கிய புத்தகமும் தபாலில் வந்திருந்தது. முழுக்க ஆங்கிலம். “ஏனுங்க டீச்சர், இதுல என்னதான் சொல்றாங்கன்னு ஒருக்காப் படிச்சுச் சொல்லுங்க” என்றார்.

ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். ஒரு இடத்தில் நிறுத்தினேன். இந்தத் திருமணத்துக்கு யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் இப்போதே சொல்லட்டும், இல்லையென்றால் இனி எப்போதும் ‘ஹோல்ட் யுவர் பீஸ்’ என்று வருகிறது. அதாவது, இனிமேல் இதைப்பற்றி வாய் திறக்கக் கூடாது. மெதுவாக அர்த்தம் சொன்னேன். சுப்பிரமணி இன்னொரு முறை படிக்கச் சொன்னார். “இத எங்கிட்டக் கேப்பாங்களாங்க?” என்றார். வந்திருக்கிற எல்லோரிடமும் கேட்பார்கள் என்றேன். “எத்தன நேரம் விடுவாங்க?” என்றார். எனக்குத் தெரியவில்லை. அந்த இடம் வரும்போது தனக்குத் தெரிய வேண்டும் என்று, அந்த ஆங்கில வாக்கியத்தைத் தமிழ் எழுத்தில் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். மனசு கேட்கவில்லை. அவர் எழுந்து நின்று ஏதாவது சொல்லிவிட்டால், மணமேடையில் நிற்கிற அந்தப் பெண் என்ன ஆவாள்? அவர் செருப்பு மாட்டும்போது கேட்டேவிட்டேன்: “ஏதாச்சும் சொல்லப் போறீங்களா?” அவர் என்னைப் பார்க்காமலே, “தெரியலீங்க” என்றார்.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு கட்டு முருங்கைக்காயைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். நான் கேட்பதற்கு முன்னால் அவராகவே சொன்னார். அந்த வாக்கியம் வந்ததாம். சர்ச்சே அமைதியாக இருந்ததாம். மகள் திரும்பி இவரைப் பார்த்தாளாம். “எந்திரிக்கோணும்னு நெனைக்கவே இல்லீங்க. காலு தானா எந்திரிச்சிருச்சு” என்றார். மாப்பிள்ளையின் அம்மா கையைப் பிசைந்தாராம். இவர் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, “ஒண்ணுமில்லீங்க சாமி, நீங்க நடத்துங்க” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாராம். முருங்கைக் கட்டை என் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னார்:

“அந்தப் பாதிரியாருக்குத் தமிழ் தெரியாதுங்க, முழிச்சாரு. எம்புள்ளதான் அழுதுக்கிட்டே இங்கிலீசுல மாத்திச் சொல்லுச்சு. ஒரு வருசங் கழிச்சு அது எனக்காகப் பேசுன மொத வார்த்தை அதுதானுங்க.”

இத்தனை வருடம் அமைதியை ஆங்கிலத்தில் அடித்துக் கொடுத்ததில் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: எழுத்துப்பிழை இல்லாமல் அது யாருக்கும் வந்து சேர்ந்ததில்லை.